கடலைன்னா எந்தக் கடலை?

போன வருஷம் ஜூன் மாசம் ஸ்கூல் தெறந்து ரெண்டாவது வாரம், என் பையன் ஸ்நேக்ஸ் டப்பாவ வெச்சது வெச்சபடி திருப்பிக் கொண்டு வந்தான். உள்ள கொண்டக்கடலை சுண்டல், தேங்காப்பூ போட்டு, மாங்கா பொடிசா நறுக்கிப் போட்டது, அவனுக்கு உசுரு அது. ஏன் சாமி சாப்பிடலன்னு கேட்டா "டீச்சர் வேண்டாம்னாங்க"ன்னான். நாலரை வயசுப் பையன் பேச்சு, சரி பசிச்சிருக்காதுன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் கறுப்பு திராட்சை குடுத்து விட்டேன், முழுசா குடுத்தா தொண்டைல அடச்சுக்கும்னு நீளவாக்குல நாலா வெட்டி வெதையெல்லாம் எடுத்துட்டு வெச்சது, அதுவும் அப்படியே திரும்பி வந்துச்சு. அப்பவும் எனக்கு ஒறைக்கல. அந்த ரெண்டு டப்பாவையும் சேத்து வெச்சு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தேன்னா பின்னாடி நடந்தது நடந்திருக்காதுன்னு இன்னைக்கும் நெனச்சு நெனச்சு மனசு அடிச்சுக்குது, அதனாலதான் இத எழுதணும்னு உக்காந்தேன்.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா, ஆனா வீட்டுல பேசறது தமிழ்தான், கடைல தமிழ், தோட்டத்து வேலைக்கு வர்றவங்க தமிழ். கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி ரோடு, என்னோட அம்மா வீடு அந்தப் பக்கம். பையன் படிக்கறது இந்தப் பக்கம் ஸ்கூல்ல.

அவனுக்கு நெலக்கடலையும் முந்திரியும் ஆகாது. பத்து மாசக் கொழந்தையா இருக்கும்போது எங்க அத்தை ஆசையா சத்துமாவு அரச்சுக் குடுத்தாங்க, கேழ்வரகு, கம்பு, பாசிப்பயிறு, பொட்டுக்கடலை, அதோட ரெண்டு கை நெலக்கடலையும் வறுத்துப் போட்டு. மூணாவது ஸ்பூன்ல ஒதடு தடிச்சுருச்சு, ஒடம்பெல்லாம் கொசு கடிச்ச மாதிரி தடிப்பு தடிப்பா, அப்பறம் வாந்தி. பொள்ளாச்சிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பின்ன கோயமுத்தூர்ல தோல் டெஸ்ட், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்துட்டுத்தான் நெலக்கடலை, முந்திரி ரெண்டும்னு உறுதியாச் சொன்னாங்க. டெஸ்ட்ல லேசா எது காட்டினாலும் அது எல்லாத்தையும் நிறுத்திராதீங்க, சாப்பிட்டு ஒண்ணும் ஆகலேன்னா அது அலர்ஜி இல்லன்னு அந்த டாக்டரம்மா திரும்பத் திரும்ப சொன்னாங்க. அதனால கொண்டக்கடலை, பாசிப்பயிறு, எள்ளு, தேங்கா எல்லாம் தாராளமா சாப்பிடறான். நெலக்கடலையும் பயிறு வகைதான், மரத்துல காய்க்கற கொட்டை இல்ல, ஆனாலும் மத்த பயிறெல்லாம் அவனுக்கு ஒத்துக்குது. தேங்கா சாப்பிடலாமான்னு நெறயப் பேரு கேக்கறாங்க, கொட்டை அலர்ஜி இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தேங்கா ஒண்ணும் பண்றதில்ல, அமெரிக்காவுலயே நெறய வருஷம் தேங்காயையும் கொட்டை லிஸ்ட்ல வெச்சிருந்து 2025 ஜனவரிலதான் எடுத்தாங்க. இங்க தேங்கா இல்லாம ஒரு வேளை ஓடாது, அது மட்டும் ஆகாமப் போயிருந்தா என்ன பண்ணிருப்பேனோ தெரியல.

சரி, அந்த ஜூன் மாசத்துக்கு வர்றேன்.

ஸ்கூல்ல சேக்கும்போதே டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், "இவனுக்குக் கடலை அலர்ஜி டீச்சர், முந்திரியும் ஆகாது, யார் குடுத்தாலும் குடுக்காதீங்க". நோட்டுலயும் எழுதிக் குடுத்தேன். அவங்க திருச்சூர் பக்கத்துல இருந்து புதுசா வந்தவங்க, நல்ல டீச்சர், தமிழ் பேசினா புரியும், தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க. ஆனா மலையாளத்துல கடலைன்னா கொண்டக்கடலை. புட்டும் கடலயும்னு சொல்றாங்களே, அந்தக் கடலை. நெலக்கடலைக்கு அவங்க சொல்றது கப்பலண்டி. இன்னொண்ணு, மலையாளத்துல முந்திரின்னா திராட்சைப் பழம், காஞ்ச திராட்சைக்கு ஒணக்கமுந்திரி, நம்ம முந்திரிப்பருப்புக்கு அவங்க அண்டிப்பரிப்பு, கசுவண்டின்னு சொல்வாங்க. நான் பொறந்தது பொள்ளாச்சிப் பக்கம், கல்யாணம் ஆகி ஏழு வருஷமா இங்க இருக்கேன், கடைல "கப்பலண்டி நூறு கிராம்"னு கேக்கறத ஆயிரம் தடவ காதால கேட்டிருக்கேன், ஆனா பையன் விஷயம்னு வரும்போது வாயில வந்தது நம்ம வார்த்தைதான். அவங்க மனசுல பதிஞ்சது அவங்க வார்த்தை. சுண்டலும் திராட்சையும் ஏன் திரும்பி வந்துச்சுன்னு இப்பப் புரியுதுங்களா, அவங்க நான் சொன்னத அக்கறையா, ஒண்ணு விடாம செஞ்சிருக்காங்க.

ஜூன் கடைசில ஒரு கொழந்தைக்குப் பொறந்தநாள், எல்லாருக்கும் கப்பலண்டி மிட்டாய். நம்ம கடலமுட்டாயேதான். இவனுக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க. ஒரு ஓரத்தக் கடிச்சுட்டு, நாக்கு அரிக்குதுன்னு துப்பியிருக்கான், அதுக்குள்ள மொகம் செவந்து, தொடர்ந்து இருமல், வாந்தி. போன் வந்ததும் நான் ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயி, இவங்கப்பா தோட்டத்துல இருந்து நேரா வந்து, பக்கத்துல இருந்த டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம், அவரு ஒரு கேள்வி கேக்கல, தொடைல வெளிப்பக்கமா அட்ரினலின் ஊசி போட்டாரு. கொஞ்ச நேரத்துல இருமல் அடங்கி என் தோள்ல தலைய சாச்சான். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அங்கயே வெச்சிருந்தாங்க, ஒரு தடவ அடங்கினாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாமாம்.

டீச்சர் அழுதுகிட்டே வந்தாங்க. "ஞான் கடல கொடுத்திட்டில்ல சேச்சி, கப்பலண்டி மிட்டாயி அல்லே கொடுத்தது"ன்னு அவங்க சொன்ன அந்த நிமிஷந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, சுண்டல், திராட்சை எல்லாம் ஒண்ணா வந்து மனசுல விழுந்துச்சு. அவங்க மேல எனக்குக் கோவமே வரல. ரெண்டு பேரும் சொன்னதும் செஞ்சதும் சரிதான், நடுவுல வார்த்தை மட்டும் வேற.

அதுக்கப்பறம் நான் செஞ்ச மொத வேலை, பக்கத்து வீட்டு சேச்சிகிட்ட உக்காந்து ஒரு அட்டை எழுதினது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். நெலக்கடலை, வேர்க்கடலை, கடலக்கா, கப்பலண்டி எல்லாம் ஒண்ணுதான்னு நாலு பேரையும் எழுதி, பக்கத்துல படம் ஒட்டினோம், தோலோட ஒண்ணு, உரிச்சது ஒண்ணு. கீழ முந்திரிப்பருப்பு, அண்டிப்பரிப்பு, கசுவண்டி, அதுக்கும் படம். அதுக்குக் கீழ "இது சாப்பிடலாம்"னு கொண்டக்கடலை, பொட்டுக்கடலை, கடலமாவு, திராட்சை. சாப்பிடலாம்ங்கற பக்கம் ரொம்ப முக்கியம்ங்க, இல்லேன்னா பயத்துல எல்லாத்தையும் நிறுத்திருவாங்க, கொழந்தை பட்டினி கெடக்கும். டப்பா மூடிமேல அதே படத்த சின்னதா ஒட்டி செல்லோ டேப் சுத்தியிருக்கேன், வாரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், கழுவிக் கழுவி உரிஞ்சுரும்.

கூடவே ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு பெட்டி. வெளிநாட்டுல பேனா மாதிரி அட்ரினலின் ஊசி இருக்கு, தொடைல வெச்சு அமுக்கினாப் போதும்னு சொல்றாங்க, எங்க பக்கத்து மெடிக்கல்ல எங்கயும் கெடைக்கல. எங்க டாக்டர் ஆம்பியூலும் சிரிஞ்சும் எழுதிக் குடுத்து, அவன் எடைக்கு எவ்வளவுன்னு சிரிஞ்சுமேல மார்க்கர்ல கோடு போட்டுக் குடுத்தாங்க, எனக்கும் இவங்கப்பாவுக்கும் டீச்சருக்கும் எப்படிப் போடறதுன்னு ஆரஞ்சுப் பழத்துல குத்திக் காட்டிக் குடுத்தாங்க. அந்த அளவு ஒவ்வொரு கொழந்தைக்கும் மாறும், டாக்டர் சொல்லாம நீங்களா வாங்கி வெச்சுக்காதீங்க. அரிப்புக்குக் குடுக்கற செட்ரிசின் சிரப் தடிப்ப அடக்கும், அவ்வளவுதான், மூச்சுத் திணறலுக்கு அது பத்தாது. சிரப்பக் குடுத்துட்டுப் பாத்துட்டே உக்காந்துராதீங்க.

இனி ஸ்நேக்ஸ். எல்லாரும் கேக்கறது இதத்தான், என்னதான் குடுத்து விடுவேன்னு.

இங்க நேந்திரம்பழம்தான் எனக்குப் பெரிய தொணை. நல்லா பழுத்து, தோல்ல கறுப்புப் புள்ளி விழுந்த பழம் வேணும். தோலோட ரெண்டா வெட்டி இட்லிப் பானைல பத்துப் பன்னண்டு நிமிஷம், தோல் தானா வெடிச்சு வாய் தெறக்கும், அப்ப எறக்கணும். ஆறினதும் நடுவுல இருக்கற கறுப்பு வெதை நார நீளமா இழுத்து எடுத்துட்டு, தோல அப்படியே விட்டுருவேன், தோல் இருந்தா பழம் காஞ்சு போகாது, அவனே உரிச்சு சாப்பிடுவான். லேசா நெய் தடவினா வாசமா இருக்கும். பழம் பழுக்காம மஞ்சளா மட்டும் இருந்தா செய்யாதீங்க, தொவர்ப்பு அடிக்கும், அப்படியே திரும்பி வந்துரும்.

அவல் இன்னொண்ணு. செவப்பு அவல், கெட்டி அவல். தண்ணி தெளிச்சு அஞ்சு நிமிஷம், நாட்டுச்சக்கரை, ஏலக்கா, தேங்காப்பூ. ஆனா பச்சைத் தேங்கா போட்டு காலைல ஏழு மணிக்குக் கட்டினா பதினோரு மணிக்கு மார்ச் ஏப்ரல் வெயில்ல புளிச்ச வாடை வந்துரும், பாலக்காட்டு வெயில் உங்களுக்குத் தெரியும், அதனால தேங்காயும் சக்கரையும் வாணல்ல போட்டு ஈரம் சுண்ட வதக்கிட்டு அப்பறம் அவலச் சேப்பேன். அதையே சூட்டோட உருண்டை புடிச்சா லட்டு. முந்திரி போட்டாத்தான் லட்டுன்னு எங்க அம்மா சொல்லிட்டே இருப்பாங்க, இப்ப நெய்ல பொன்னிறமா வறுத்த தேங்காக்கொத்தப் போடறேன், பாயசத்துக்கும் அதேதான், ஸ்கூல் ஓணத்துக்கு எல்லாருக்கும் அண்டிப்பரிப்பு போட்ட பாயசம், இவனுக்கு மட்டும் சின்ன தூக்குல நான் வெச்சுக் குடுத்த தேங்காக்கொத்து பாயசம்.

சுண்டல் மறுபடி போக ஆரம்பிச்சுருச்சு. கேழ்வரகுக் கொழுக்கட்டை, சக்கரவள்ளிக் கெழங்கு, தை மாசம் பனங்கெழங்கு, இதெல்லாம் சுழிச்சு சுழிச்சு வரும். பொரியும் பொட்டுக்கடலையும் குடுக்கலாம், ஆனா பொட்டுக்கடலைய மூட்டைல அள்ளிப் போடற கடைல வாங்காதீங்க, பக்கத்து மூட்டை நெலக்கடலை, அள்ளற படியும் ஒண்ணுதான். நான் ஒட்டின பாக்கெட்தான் வாங்கறேன், அதையும் பின்னாடி திருப்பிப் படிச்சுட்டு.

பாக்கெட் படிக்கறதப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம நாட்டுல 2020ல வந்த லேபிள் சட்டப்படி பாக்கெட்ல அடைச்சு விக்கற பொருள்ல நெலக்கடலை, மரக்கொட்டை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை மாதிரி இருந்தா "கண்டெய்ன்ஸ்"னு தனியா போடணும். அதே எடத்துல தயாராகற வேற பொருள்ல இருந்து கலந்திருக்க வாய்ப்பிருந்தா "மே கண்டெய்ன்"னு போட்டிருக்கலாம். நான் ரெண்டாவது இருந்தாலும் வாங்கறதில்ல. போன மாசம் வாங்கின அதே பிஸ்கட்தானேன்னு விட்டுராதீங்க, கம்பெனி மாத்துவாங்க, ஒவ்வொரு தடவயும் படிக்கணும். எள்ளு அந்த லிஸ்ட்ல தனியாக் கெடயாது, எள்ளு ஆகாத கொழந்தை வெச்சிருக்கறவங்க முழு பட்டியலையும் படிங்க. அங்கன்வாடில மூணு வயசு வரைக்கும் தர்ற அம்ருதம் பொடில நெலக்கடலை உண்டு, மத்த கொழந்தைகளுக்கு ரொம்ப நல்ல சத்து, நம்ம மாதிரி வீட்டுல மட்டும் கவனம். பேக்கரி பலகாரம், சிப்ஸ் கடை நேந்திரங்கா சிப்ஸ் ரெண்டும் நான் தொடறதே இல்ல, அதே சட்டிலதான் மசாலாக் கடலையும் பொரிப்பாங்க.

எல்லாத்தையும் விட என்னை ரொம்ப சுத்தி விட்டது எண்ணெய்தான். எங்க அப்பா வருஷா வருஷம் சொந்தக் காட்டுக் கடலக்காயச் செக்குல ஆட்டி டின்னோட அனுப்புவாரு, எங்க வீட்டுல தோசைல இருந்து பொரியல் வரைக்கும் அதுதான். நல்லா சுத்திகரிச்ச ரீபைண்டு கடலெண்ணெய்ல புரதம் பெருசா மிஞ்சாது, ஆனா செக்குல ஆட்டினதுல அது கெடக்கும், ஒடம்புக்கு ஆகாதது அந்தப் புரதந்தான். சரி கடலெண்ணெய நிறுத்திட்டு தேங்காண்ணெய்க்கு மாறுவோம்னு கொப்பரைய செக்குக்கு அனுப்பினா, அதே செக்குலதான் காலைல கடலக்கா ஆட்டியிருக்காங்க. கண்ணால பாத்தேன், ஓரத்துல கடலைப் புண்ணாக்கு ஒட்டிட்டு இருந்துச்சு. இப்ப எங்க அத்தை மாசத்துக்கு ரெண்டு தடவ தேங்காப்பால் புழிஞ்சு அடுப்புல வெச்சு உருக்கி எண்ணெய் எடுக்கறாங்க, இங்க உருக்கு வெளிச்செண்ணைம்பாங்க. ஒண்ணரை மணி நேரம் பக்கத்துல நின்னு கிண்டணும், கடைசில அடில தங்கற அந்த பிரவுன் கலர் கக்கன கொஞ்சம் சக்கரை போட்டு இவனுக்குக் குடுப்பாங்க, அதுவும் ஒரு ஸ்நேக்ஸ்தான். சத்துமாவு குடுத்த கை தன்னோட கைங்கறத அவங்க இன்னும் மறக்கல, நான் ஒரு நாளும் அதப் பத்திப் பேசினதில்ல, அடுப்புகிட்ட நின்னு வேர்க்க வேர்க்க கிண்டிட்டு இருக்கறதப் பாக்கும்போது போதும் வாங்கத்தைன்னு கூப்பிடத் தோணும், கூப்பிட்டாலும் வரமாட்டாங்க.

அம்மா வீட்டுக்கு கடலக்கா புடுங்கற சீசன்ல நாங்க போறதில்ல. வாசல் பூரா காயப் போட்டிருக்கும். எங்க அப்பாதான் வருவாரு, பஸ் எறங்கி நேரா வீட்டுக்குள்ள வரமாட்டாரு, வெளிய தொட்டில கை, கால், மொகம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மஞ்சப்பைல கொண்டு வந்த வேற சட்டையும் வேட்டியும் கட்டிட்டு, அதுக்கப்பறந்தான் "வா கண்ணு"ன்னு கைய நீட்டுவாரு. அது வரைக்கும் இவன் திண்ணைல நின்னு "அப்புச்சி முடிஞ்சுதா, அப்புச்சி முடிஞ்சுதா"ன்னு குதிச்சுட்டே இருப்பான். சோப்பும் தண்ணியுந்தான் வேணும், சானிடைசர் போட்டாக் கடலைப் புரதம் கைய விட்டுப் போகாது. டீச்சர்கிட்டயும் இதச் சொல்லி, இப்ப அந்தக் கிளாஸ்ல இருபத்திமூணு பேரும் ஸ்நேக்ஸ் சாப்பிடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பைப்புகிட்ட வரிசையா நின்னு கை கழுவறாங்க.

பையன் பெருசானா சரியாகுமான்னு கேக்கறாங்க. பால், முட்டை அலர்ஜி நெறயக் கொழந்தைகளுக்கு வளர வளர போயிரும், நெலக்கடலை அஞ்சுல ஒருத்தருக்குப் போகும்னு டாக்டர் சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுக்கறோம். இந்த வருஷம் எடுத்ததுல பெரிய மாத்தம் இல்ல.

ஆனா இப்ப அவனே கேக்கறான். கடைல யாராவது மிட்டாய் நீட்டினா கைய பின்னாடி கட்டிட்டு, "இதுல கப்பலண்டி உண்டோ? கடலக்கா இருக்குதுங்களா?"ன்னு ரெண்டு பாஷைலயும் கேப்பான். ரெண்டையும் சேத்துக் கேக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல.

நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு டீச்சர் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாங்க, நாளைக்கு ஒரு கொழந்தைக்குப் பொறந்தநாள், இதுதான் குடுக்கப் போறாங்களாம் சேச்சின்னு, சாக்லேட் பாக்கெட்டோட பின்பக்கம். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன், கடைசி வரில "மே கண்டெய்ன்", பக்கத்துல நட்ஸ். வேண்டாம் டீச்சர்னு போட்டேன். சரி சேச்சி, நீங்க கொண்டு வாங்க, அதையே எல்லாருக்கும் குடுக்கலாம், அந்தக் கொழந்தையோட அம்மாகிட்ட கேட்டுட்டேன்னு பதில் வந்துச்சு. எந்திரிச்சுப் போயி அவலு எவ்வளவு இருக்குன்னு பாத்தேன், அரைக் கிலோ இருந்துச்சு. தேங்கா ரெண்டு ஒடச்சு அத்தையும் நானும் திருகி, பத்தரை மணி வரைக்கும் உக்காந்து முப்பது உருண்டை புடிச்சோம்.